புள்ளி ஒன்று நான்கு

ஃபோர்டே என்கிற நார்வே ஊரில்
செயற்கைப் பல் செய்கிறவள் ஊட்னி.
யாரோ ஒருவரின் கடைவாய்க்காகப்
பீங்கானை இழைத்து இழைத்து
மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு சரிபார்ப்பவள்.
'சுமார்' என்ற சொல்லே அவளுக்கு ஆகாது.

அவளிடம் ஒரு கார்.
இரண்டே இருக்கை. ஆறு சிலிண்டர். பதினான்கு வயது.
கியருக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான்.
அமுக்கினால்
பின்னால், சைலன்சருக்குள்
காசளவு தகடு ஒன்று திரும்பிக்கொள்ளும்.
புகைக்கு நேர்வழி.
அதுவரை குற்றியலுகரம்போல்
உதடு குவியாமல் முடிந்துகொண்டிருந்த எஞ்சின்
அளபெடுக்கத் தொடங்கும்.

தெருவில் மற்றதெல்லாம் மின்சாரம்.
இரவெல்லாம் சுவரில் செருகிய வயரோடு கிடந்து
காலையில் சத்தமில்லாமல் நழுவும் வண்டிகள்.
இவள் கிளம்பினால் மட்டும்
மணி ஏழரை என்று கீழ்வீட்டுக்குத் தெரியும்.

"அமுக்கியே ஓட்டு" என்றான் மைத்துனன் எய்வின்ட்,
படகு எஞ்சின் பழுதுபார்க்கிறவன்.
"புகை தடையில்லாமல் போனால் எஞ்சினுக்கு மூச்சு இலகு.
மூச்சு இலகுவானால் பெட்ரோல் மிச்சம்."
நியாயமாகத்தான் இருந்தது.
நியாயமாக இருப்பதையெல்லாம்
ஒருமுறை அளந்து பார்த்துவிடுவாள் அவள்.

ஆற்றில் போட்டாலே அளந்து போட வேண்டுமாம்.
காற்றில் விடுவதை விட்டுவிடலாமா?

நான்கு டாங்க் தகடு மூடி.
நான்கு டாங்க் திறந்து.
அதே பங்க், அதே குழாய், அதே சாலை:
ஏரிக்கரை, பாலம், நான்கு கிலோமீட்டர் சுரங்கம், இறக்கம்.
இங்கே பத்துக் கிலோமீட்டர் ஒரு மீல்;
மீலுக்கு எத்தனை லிட்டர் என்பதே பேச்சு.
மூடியபோது புள்ளி ஒன்பது ஒன்று.
திறந்தபோது ஒன்று புள்ளி சுழி நான்கு.

எய்வின்ட் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
டயரில் காற்று குறைவு என்றான்.
எதிர்க்காற்று என்றான்.
பிறகு கொஞ்ச நேரம் காபி மட்டும் குடித்தான்.

அடுத்த டாங்குக்கு
மரம் அறுக்கும் அண்ணன் ஹல்வார்டிடம்
காதுமூடி கடன் வாங்கினாள்.
மஞ்சள். உள்ளே அவன் வியர்வை, தேவதாருத் தூள்.
தகடு திறந்தபடி, காது மூடியபடி
பத்து நாள் ஓட்டினாள்.
சுரங்கத்துக்குள் போய் வந்தது
நூலகத்துக்குப் போய் வந்ததுபோல் இருந்தது.

புள்ளி ஒன்பது சுழி.

எய்வின்ட் சொன்னது பொய்யில்லை,
மூச்சு இலகுவானதற்குப் புள்ளி சுழி ஒன்று லாபம்.
ஆனால் அந்தப் புள்ளி ஒன்று நான்கு
குழாய் வழியே போகவில்லை.
காது வழியே போனது.
காதிலிருந்து நேரே வலது பாதத்துக்கு.

யோசித்துப் பார்த்தாள்.
சுரங்கத்தின் வாயில், ஐந்தாம் கியரிலிருந்து மூன்றுக்கு.
எதற்காகவும் இல்லை.
ஜனவரி, வெளியே மைனஸ் ஒன்பது,
கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு
பாறை திருப்பிச் சொல்வதைக் கேட்க.

நம் இலக்கணத்தில் இதற்கு இடமுண்டு.
ஓசை குறையாத இடத்திலும்
இனிமைக்காக நீண்டால்
இன்னிசை அளபெடை; குற்றமில்லை.
ஊட்னிக்கு அதெல்லாம் தெரியாது.
இன்சூரன்ஸுக்கும் குளிர்கால டயருக்கும் நடுவில்
புதிதாக ஒரு வரி போட்டாள்:
'சுரங்கம்: ஒரு நடைக்கு ஒன்பது குரோனர்.'
அடியில் கோடு கிழிக்கவில்லை.

சனிக்கிழமை காதுமூடியைத் திருப்பிக் கொடுத்தாள்.
"உதவிற்றா?"
"மிச்சமாயிற்று" என்றாள், மிச்சம் பிடித்தவளின் முகமே இல்லாமல்.

அவள் போய்ப் பத்து நிமிடம்.
ஹல்வார்ட் ரம்பத்தை நிறுத்தினான்.
மஞ்சள் மூடியைக் கழுத்துக்கு இறக்கினான்.
மலைக்குள் எங்கோ ஒரு நெடில்.

"மூன்றாம் கியர்"
என்றான், பாதி அறுந்த மரத்திடம்.